பிரான்ஸின் கிராமத்து வீட்டில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி: டிஷ் வைக்கும் வழி

டிஷ் வாங்குவதற்கு முன் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் உட்காருங்கள். முகம் தென்கிழக்கைப் பார்த்திருக்கட்டும்; பிரிட்டிஷ் சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோள் அங்கேதான் நிற்கிறது. அந்தத் திசையில் என்னென்ன நிற்கின்றன என்று நிதானமாகப் பாருங்கள்: பக்கத்து வீட்டுக் களஞ்சியத்தின் கூரை, வால்நட் மரம், தேவாலயக் கோபுரம், மேட்டில் எழும்பி நிற்கும் ஓக் காடு. பிரான்ஸின் கிராமங்களில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காகப் படும் பாட்டில் பாதி, இந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காததால் வருவதுதான்.

அனுபவத்தில்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு தென்மேற்கு பிரான்ஸின் டோர்டோஞ் பகுதியிலுள்ள ஒரு பழைய கல் வீட்டுக்கு நாங்கள் வந்தது குளிர்காலத்தில். பிப்ரவரியில் ஆள் வைத்து டிஷ் பொருத்தினோம். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. மே மாதம் பாதி கடந்ததும் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஒரு வாரத்தில் முழுதாக நின்றுபோனது. பொருத்தியவர் வந்து சிக்னலைப் படமாக்கும் பெட்டியை மாற்றினார், கம்பியை மாற்றினார், இரண்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டார். பக்கத்து நிலத்தின் வால்நட் மரங்கள் இலை விட்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. வால்நட் தாமதமாகத் துளிர்க்கும் மரம். குளிர்காலத்தில் வெறும் கிளைகளுக்கு இடையே நுழைந்து வந்த சிக்னலை, ஈரமான பச்சை இலைகள் அப்படியே குடித்துவிட்டன. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது, இலையில்லாத மரத்துக்கு மனத்தால் இலை போட்டுப் பாருங்கள். வளரும் மரமாக இருந்தால் இன்னும் ஐந்து ஆண்டு உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதைப் பிடிக்கப் போகிறோம்

பி.பி.சி., ஐ.டி.வி., சேனல் 4, சேனல் 5 முதலிய முக்கியச் சேனல்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 28.2 பாகையில் நிற்கும் ஆஸ்ட்ரா 2இ, 2எஃப், 2ஜி என்னும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. பி.பி.சி. தன் சேனல்களை 2003ஆம் ஆண்டு பூட்டில்லாமல் திறந்துவிட்டது. அன்றிலிருந்து டிஷ் உள்ள எவரும் பெட்டியில் செருகும் அட்டையோ சந்தாவோ இல்லாமல் அவற்றைப் பார்க்க முடிகிறது. பி.பி.சி.யும் ஐ.டி.வி.யும் சேர்ந்து 2008 மே மாதம் தொடங்கிய ஃப்ரீசாட் என்னும் சேவை, இந்த இலவசச் சேனல்களை ஒழுங்காக வரிசைப்படுத்தி, நிகழ்ச்சி அட்டவணையோடு தருகிறது. மாதக் கட்டணம் எதுவும் கிடையாது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இலவச வழியைப் பற்றியதே.

பிரிட்டனின் கட்டணத் தொலைக்காட்சிச் சேவையான ஸ்கையின் சந்தாவை இங்கே கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தச் சந்தா பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள வீடுகளுக்கு மட்டுமே உரியது. வேறு முகவரி காட்டி அட்டையை இங்கே பயன்படுத்துவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். அட்டை நின்றுபோனால் யாரிடமும் முறையிட முடியாது. அந்த வழியில் போக வேண்டாம் என்பதே என் அறிவுரை. பி.பி.சி.யின் ஐபிளேயர் போன்ற இணையச் சேவைகளும் பிரிட்டனுக்கு வெளியே திறக்காது. 2024 ஏப்ரலில் வந்த, சேனல்களை இணையம் வழியே இலவசமாகத் தரும் ஃப்ரீலி என்னும் சேவையும் பிரிட்டனுக்குள் இருக்கும் வீடுகளுக்காகச் செய்யப்பட்டதுதான். இணைய இணைப்பு தள்ளாடும் நம் கிராமங்களில் வானத்திலிருந்து நேரே வருவது இன்னும் மதிப்புள்ளது. ஃப்ரீசாட் நிறுவனமும் பிரிட்டனுக்கு வெளியே எந்த உதவியும் செய்யக் கடமைப்பட்டதல்ல என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே நம் கையே நமக்கு உதவி.

உரிமக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. பிரான்ஸில் ஆண்டுக்கு 138 யூரோவாக இருந்த ஒலி, ஒளிபரப்பு வரி 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி உரிமம் பிரிட்டனிலுள்ள முகவரிக்கு எடுப்பது. பிரான்ஸிலுள்ள வீட்டுக்கு அதை எடுக்க வழியில்லை.

எவ்வளவு பெரிய டிஷ்

முக்கியச் சேனல்கள் வரும் கதிர் பிரிட்டனை நோக்கிக் குவிக்கப்பட்டது. விளக்கின் வெளிச்சம் மேசைக்கு வெளியேயும் கொஞ்சம் சிந்துவதுபோல அது பிரான்ஸின் மேலும் விழுகிறது. தெற்கே போகப் போக மங்குகிறது. வடமேற்கே நோர்மண்டியிலும் பிரெத்தாஞ்சிலும் 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். லுவார் ஆற்றிலிருந்து டோர்டோஞ் வரை 80 சென்டிமீட்டர் வாங்குங்கள். அதற்கும் தெற்கே, பிரெனே மலையடிவாரத்திலும் மத்தியதரைக் கடலோரத்திலும் ஒரு மீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் வைத்தால் மழை நாளிலும் கவலையில்லை. இந்தப் பகுதிகளின் எல்லைக்கோட்டில் இருக்கிறவர்கள் ஒரு அளவு பெரிதாகவே வாங்க வேண்டும். வெயில் நாளில் சின்ன டிஷ்ஷும் பெரிய டிஷ்ஷும் ஒன்றுபோலவே தெரியும். புயல் மேகம் திரளும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இங்கிலாந்து வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் சின்ன ஸ்கை டிஷ் சுமார் 43 சென்டிமீட்டர் அகலமே உள்ளது. அதைச் சுமந்து வருவது வீண்வேலை. டிஷ், கம்பம், கேபிள் எல்லாமே இங்குள்ள வீட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. கடையில் பராபோல் என்று கேளுங்கள். ஃப்ரீசாட் பெட்டியை மட்டும் பிரிட்டனிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். தபாலில் வரவழைத்தால் 20 சதவிகித மதிப்புக்கூட்டு வரியும் சுங்க வேலைக்கான கட்டணமும் சேரும்.

மரத்துக்கும் டிஷ்ஷுக்கும் உள்ள கணக்கு

இனி நாற்காலிக்குத் திரும்புவோம். டோர்டோஞ்சின் பெரிகே நகரத்திலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 144 பாகையில், தொடுவானத்திலிருந்து சுமார் 31 பாகை உயரத்தில் இருக்கிறது. நோர்மண்டியின் கான் நகரில் திசை ஏறக்குறைய அதுவே, உயரம் மட்டும் 27 பாகை. மேற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் பிரெத்தாஞ்சின் கெம்பேரில் திசை 140, உயரம் 27. தெற்கே பெர்ப்பிஞானில் 145, 34. நீஸ் நகரில் 151, 35. உங்கள் ஊர் இவற்றில் எதற்கு அருகில் இருக்கிறதோ அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நுட்பமான திருத்தம் பிறகு தானே வரும்.

மரம் மறைக்குமா என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 31 பாகை உயரமுள்ள இடத்தில், டிஷ்ஷைவிட எத்தனை மீட்டர் உயரமாக மரம் நிற்கிறதோ, அதைப்போல் 1.7 மடங்கு தூரமாவது மரம் தள்ளி இருக்க வேண்டும். டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த மரம் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால் நல்லது. நோர்மண்டியில் செயற்கைக்கோள் தாழ்வாக நிற்பதால் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் கேமரா வழியாக வானத்தில் செயற்கைக்கோளின் இடத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன; அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தால் நல்ல இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஷ் உயரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் சிக்னலுக்கு நம் கூரையின் ஆறு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. தெற்கும் கிழக்கும் திறந்திருந்தால் புல்தரையில் முழங்கால் உயரத்தில் வைத்தாலும் படம் அதே தெளிவோடு வரும். கூரை ஓட்டின் மேல் ஏறி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். பழைய புகைபோக்கியில் இரும்புப் பட்டை கட்டி அதன் சுண்ணாம்புச் சாந்தை உதிர்க்கவும் வேண்டாம். தோட்டத்து மூலையில் ஒரு கம்பம் நட்டு, பழுது வந்தால் நின்றபடியே கையால் தொட்டுச் சரிசெய்யும் உயரத்தில் வைப்பதுதான் கிராமத்து வீட்டுக்குப் பொருத்தம்.

ஊர் அனுமதி

வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைக்கு முன்னறிவிப்பு தேவைப்படலாம். ஆகவே சுவரிலோ கூரையிலோ கை வைப்பதற்கு முன் மேரி எனப்படும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். சின்ன ஊர்களில் மேரி வாரத்தில் சில மணி நேரமே திறந்திருக்கும். கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். வீடு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்தையும் கேட்பார்கள். நம் பகுதியில் பழைய தேவாலயமே நினைவுச்சின்னமாக இருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு 1966 ஜூலை 2ஆம் நாள் சட்டம் ஆண்டெனா வைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அவர் மறுக்கலாம். எழுதுவதற்கு முன் அவரை ஒரு முறை நேரில் பார்த்து, எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்று காட்டிவிடுவது நல்லது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு டிஷ் இருந்தால்

பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரு துருப்பிடித்த டிஷ் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அது பிரெஞ்சுச் சேனல்களுக்காக வேறு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது: கிழக்கு 19.2 பாகையிலுள்ள ஆஸ்ட்ராவை, அல்லது மேற்கு 5 பாகையிலுள்ள யூடெல்சாட்டை. பிரெஞ்சுச் சேனல்களும் வேண்டுமென்றால் அதைத் தொடாதீர்கள். இரண்டாவது டிஷ் வையுங்கள். வேண்டாமென்றால் அதையே திருப்பிப் பயன்படுத்தலாம். 19.2 பாகையைப் பார்க்கும் டிஷ்ஷின் பின்னால் நின்றுகொண்டு, அது பார்க்கும் திசையையே பார்த்தபடி இடப்பக்கம் சுமார் 11 பாகை திருப்பி, மூன்றரை பாகை கீழே இறக்கினால் 28.2 பாகைக்கு வந்து சேர்வீர்கள். முதன்முறை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கப் புள்ளி கிடையாது. ஊரில் வேறு பிரிட்டிஷ் குடும்பம் இருந்தால் அவர்கள் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெருவிலிருந்தே கவனியுங்கள். பிரெஞ்சு வீடுகளின் டிஷ்ஷைவிட அது கிழக்கே ஒதுங்கியிருக்கும்.

கம்பம்

கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். ஏறக்குறைய செங்குத்து என்பது போதாது. ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள், பிறகு கால்வட்டம் தள்ளி இன்னொரு பக்கம் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைத் திருப்பும்போதெல்லாம் அதன் உயரக் கோணமும் மாறும். அப்புறம் எந்த எண்ணையும் நம்ப முடியாது. தரையில் நடுவதென்றால் அரை மீட்டருக்குக் குறையாத குழி, கான்கிரீட், அது இறுக இரண்டு மூன்று நாள். கல் சுவரில் பொருத்துவதென்றால் கல்லில் துளையிடுங்கள். கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் போல்ட் நிற்காது. 80 சென்டிமீட்டர் டிஷ் ஒரு பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். 2023 நவம்பர் தொடக்கத்தில் சியாரான் புயல் பிரெத்தாஞ்சையும் நோர்மண்டியையும் அடித்துப்போட்டது நினைவிருக்கும்.

திசை பிடித்தல்

இதுதான் வேலையின் உயிர். இங்கே அவசரப்படுகிறவர்கள் மூன்று நாள் திண்டாடுவார்கள். பொறுமையாக இருப்பவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். காற்றில்லாத, வானம் தெளிந்த காலையைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியையும் ஒரு சின்னத் தொலைக்காட்சியையும் நீளமான மின்கம்பி போட்டுத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே ஒருவர் திரையைப் பார்த்துக் கத்த, வெளியே ஒருவர் டிஷ்ஷைத் திருப்புவது என்ற ஏற்பாட்டில் குடும்பத்தின் நிம்மதி போய்விடும்.

டிஷ்ஷின் முன்னால் நீண்டிருக்கும் கையின் நுனியிலுள்ள கருவிக்கு எல்.என்.பி. என்று பெயர். டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிக் கேபிளுக்குள் அனுப்புவது அதுதான். யூனிவர்சல் வகையை வாங்குங்கள். ஸ்கை க்யூ பெட்டிக்கென்று வரும் வைட்பேண்ட் வகை வேறு. பல ஃப்ரீசாட் பெட்டிகளுக்கு அது ஒத்துவராது. பெட்டியின் கையேட்டில் எந்த வகை என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துகொண்டே வேறொன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலான பெட்டிகளுக்கு இரண்டு கேபிள் தேவை. ஆகவே இரண்டு அல்லது நான்கு வாய் உள்ள எல்.என்.பி.யையே வாங்கிவிடுவது நல்லது. விலை வித்தியாசம் சிறிதுதான்.

டிஷ்ஷின் பின்பக்கப் பிடியில் பாகை அளவு பொறித்திருக்கும். அதில் உங்கள் ஊருக்குரிய உயரக் கோணத்தை, டோர்டோஞ் என்றால் 31ஐ, வைத்து மெதுவாக முறுக்குங்கள். டிஷ்ஷின் முகம் கிட்டத்தட்ட நேராக எதிரே பார்ப்பதுபோல் தோன்றும். இது வானத்தைப் பார்க்கவில்லையே என்று பயந்து மேலே தூக்கிவிடாதீர்கள். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை டிஷ் இது. சிக்னல் மேலிருந்து சாய்வாக வந்து பட்டு, கீழே இருக்கும் எல்.என்.பி.க்குப் போகிறது. பொறித்த அளவில் அந்தச் சாய்வு கணக்கிடப்பட்டே இருக்கிறது.

அடுத்து திசைகாட்டி. இரும்புக் கம்பத்தின் அருகில் அதை வைத்தால் முள் பொய் சொல்லும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று உங்கள் ஊருக்குரிய திசையை, டோர்டோஞ் என்றால் 144 பாகையை, பிடித்து, அந்தத் திசையில் தொலைவிலுள்ள ஒரு அடையாளத்தை, ஒரு மின்கம்பத்தையோ வேலி மூலையையோ, மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஷ்ஷின் கை அந்த அடையாளத்தை நோக்கும்படி திருப்புங்கள்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலைக் காட்டும் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஒன்று வலிமை, மற்றது தரம். வலிமையைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தச் செயற்கைக்கோளைப் பார்த்தாலும் வலிமை ஏறும். விலை குறைந்த கீச்சிடும் மீட்டர்கள் காட்டுவதும் அதைத்தான், 19.2ஐப் பிடித்துவிட்டு உற்சாகமாகக் கீச்சிடும். தரம் என்ற பட்டை எழுந்தால்தான் நீங்கள் தேடும் செயற்கைக்கோள் கிடைத்தது என்று பொருள்.

இப்போது டிஷ்ஷைத் திருப்பும் அளவைக் கவனியுங்கள். 80 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு 7 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு பாகை திரும்பிவிட்டது. ஒரு பாகை தவறினால் படம் தள்ளாடும், இரண்டு தவறினால் ஒன்றுமே இருக்காது. ஆகவே விரல் நகத்தின் அகலத்துக்கும் குறைவாகத் திருப்பி, கையை எடுத்து, மூன்று நொடி காத்திருங்கள். பெட்டிக்குச் சிக்னலைப் புரிந்துகொள்ள அந்த நேரம் தேவை. வேகமாகத் திருப்புகிறவர்கள் சரியான இடத்தைப் பத்து முறை கடந்துபோய்விட்டு, செயற்கைக்கோளே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். குறித்த அடையாளத்துக்கு இருபுறமும் பத்துப் பாகை தேடியும் தரம் எழவில்லையென்றால், உயரக் கோணத்தை ஒரு பாகை கூட்டி மறுபடி தேடுங்கள். பிறகு ஒரு பாகை குறைத்துத் தேடுங்கள்.

தரம் எழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இடப்பக்கம் மெல்லத் திருப்பி, தரம் விழும் இடத்தில் கம்பத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். வலப்பக்கம் திருப்பி, விழும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் டிஷ்ஷை நிறுத்துங்கள். மேலும் கீழுமாக இதையே செய்யுங்கள். கடைசியாக எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் கொஞ்சம் சுழற்ற வேண்டும். செயற்கைக்கோள் நமக்கு நேர்தெற்கில் இல்லாமல் கிழக்கே தள்ளி இருப்பதால் அதன் அலைகள் நமக்குச் சாய்ந்து வருகின்றன, எல்.என்.பி.யும் அதற்கேற்பச் சாய்ந்திருக்க வேண்டும். இருபுறமும் ஐந்து ஐந்து பாகையாகச் சுழற்றிப் பார்த்து, தரம் மிகுதியாக இருக்கும் நிலையில் விட்டுவிடுங்கள். இந்த ஒரு திருத்தத்தைப் பலர் செய்வதே இல்லை. வெயில் நாளில் அது தெரியாது. மழை நாளில் பி.பி.சி. மட்டும் காணாமல் போகும்போது தெரியும்.

நட்டுகளை முறுக்கும்போதும் திரையில் ஒரு கண் இருக்கட்டும். ஒரே நட்டை முழுதாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுக்கப்படும். மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்குங்கள்.

கேபிள்

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். நடுக்கம்பி முழுச் செம்பாக உள்ள 75 ஓம் கோ-ஆக்சியல் கேபிளைக் கேளுங்கள். முனையில் திருகும் எஃப் கனெக்டரைப் பொருத்தும்போது வெளிப்பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் செய்யுங்கள். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் பெட்டியின் மின்இணைப்பை எடுத்துவிடுங்கள், எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் இந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது.

தண்ணீர்தான் கேபிளுக்குப் பெரிய எதிரி. எல்.என்.பி.யில் மாட்டிய இடத்தைத் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண மின்வேலை நாடா ஒரு கோடைக்குள் உரிந்துவிடும். கேபிள் சுவருக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கே சொட்டிப் போகட்டும். சுவரிலிடும் துளையும் வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருக்கட்டும். கல் சுவர் 60 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் அதற்கேற்ற நீளத் துளைக்கருவி வாடகைக்குக் கிடைக்கும். தோட்டத்திலிருந்து மண்ணுக்கடியில் கொண்டுவருவதானால் கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். 30 மீட்டர் வரை எந்தப் பெருக்கியும் தேவையில்லை.

பெட்டியை எழுப்புதல்

2024 ஜனவரி 8ஆம் நாள் பி.பி.சி. செயற்கைக்கோளில் தன் பழைய தரச் சேனல்களை நிறுத்திவிட்டது. இப்போது வருவது எச்.டி. மட்டுமே. நண்பர் கொடுத்த பழைய பெட்டியில் மற்ற சேனல்கள் வந்து பி.பி.சி. மட்டும் வரவில்லை என்றால், டிஷ்ஷைக் குறை சொல்வதற்கு முன் பெட்டி எச்.டி. வகையா என்று பாருங்கள்.

ஃப்ரீசாட் பெட்டி முதல்முறை இயங்கும்போது பிரிட்டிஷ் அஞ்சல் குறியீடு ஒன்றைக் கேட்கும். எந்த வட்டாரத்தின் பி.பி.சி. ஒன், ஐ.டி.வி. செய்திகள் வர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. முன்பு குடியிருந்த ஊரின் குறியீட்டைக் கொடுத்தால் பழகிய ஊர்ச் செய்தி வரும். பி.பி.சி. ஒன் 101இல் தொடங்கும், வானொலிகள் 700இலிருந்து இருக்கும். வானொலிகளை மறந்துவிடாதீர்கள்; சமையலறையில் நாள் முழுதும் எங்களுக்குத் துணை அவைதான்.

ஃப்ரீசாட் பெட்டி வாங்க மனமில்லையென்றாலும் வழி இருக்கிறது. இங்கே விற்கும் பெரும்பாலான புதிய தொலைக்காட்சிகளிலேயே செயற்கைக்கோள் கேபிளை மாட்டும் வாய் உண்டு. பட்டியலில் ஆஸ்ட்ரா 28.2 என்று தேர்ந்தெடுத்துத் தேடச் சொன்னால் சேனல்கள் வந்துவிடும். வரிசைப்படுத்துவது மட்டும் நம் கைவேலை. முதல் ஆண்டு இப்படிப் பார்த்துவிட்டு, பதிவுசெய்யும் வசதி வேண்டுமென்று தோன்றினால் பிறகு பெட்டி வாங்கலாம். பெட்டியின் கடிகாரம் பிரிட்டிஷ் நேரத்தைக் காட்டும். பத்து மணிச் செய்தி நமக்குப் பதினொன்றுக்கு வரும். சீக்கிரம் படுக்கிறவர்களுக்குப் பதிவு வசதி அதனாலேயே அவசியமாகிவிடுகிறது.

படம் போனால்

சில சேனல்கள் வந்து பி.பி.சி.யும் ஐ.டி.வி.யும் வரவில்லையென்றால், பெட்டி எச்.டி. வகைதான் என்று உறுதிசெய்த பிறகு, திசை ஏறக்குறைய சரி, டிஷ் சின்னது அல்லது நுட்பத் திருத்தம் போதவில்லை என்று கொள்ளலாம். வந்த சேனல்கள் ஐரோப்பா முழுவதையும் நோக்கிய அகலக் கதிரில் இருப்பவை. வராதவை பிரிட்டனை நோக்கிய குறுகிய கதிரில் இருப்பவை. எல்லாமே போய்விட்டால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சைப் பூஞ்சணம் போலத் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். கனமழையில் பத்து நிமிடம் போய்த் திரும்பி வருவது இயல்பு. தூறலிலேயே போனால் இயல்பல்ல, திசையைத் திருத்துங்கள். எல்.என்.பி.யின் மூடியில் சிலந்தி கட்டியிருக்கிறதா, குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் முற்பகுதியிலும் சில நாள்கள் தொடர்ந்து, மதியத்துக்கு முன் ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால் அப்படி ஆகிறது, எதையும் தொடாதீர்கள். அந்த நிமிடங்களில் தோட்டத்துக்குப் போய் எதிரே பார்த்தால் (சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்) டிஷ்ஷுக்கும் சூரியனுக்கும் நடுவில் மரக்கிளை எதுவும் நுழைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். டிஷ்ஷின் மேல் இலை நிழல் விழுந்தால் அந்தக் கிளையை வெட்ட வேண்டும். மரம் பக்கத்து நிலத்தினுடையது என்றால் முதலில் போய் மரத்துக்காரரிடம் பேசுங்கள். எங்கள் வால்நட் மரக்காரர் வெட்டச் சம்மதிக்கவில்லை. காய்க்கும் மரம் அது, அவர் சொன்னது நியாயம். நாங்கள் டிஷ்ஷைத் தோட்டத்தின் மறுமூலைக்கு மாற்றினோம். அதன்பின் எந்த மே மாதத்திலும் படம் போனதில்லை.

இடி மின்னல் வரும் இரவுகளில் பெட்டியின் மின்இணைப்பையும் டிஷ் கேபிளையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். எல்லாம் சரியாக அமைந்த நாளில், கம்பத்திலும் பிடியிலும் அழியாத மையால் கோடு போட்டு, உயரக் கோணம், திசை, எல்.என்.பி.யின் சாய்வு, தரப் பட்டை காட்டிய எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள். புயலுக்குப் பின் டிஷ் திரும்பிவிட்டால் கோட்டோடு கோட்டைச் சேர்த்து முறுக்கினால் போதும்.